கண்மாய்க்குள்ள ஒரு காது

மஸ்கட்ல இருந்து மதுரைக்கு வர்ற ஆளு பெட்டியில என்ன இருக்கும்னு ஏர்போர்ட்ல நிக்கிற ஆபீசருக்கு மனப்பாடம். பேரீச்சம்பழம், பால்பவுடரு, சென்ட் பாட்டிலு, மச்சினிச்சிக்கு ஒரு கைப்பை. என் பெட்டியில அதெல்லாம் இருந்துச்சு. கூடவே ஆரஞ்சுப்பழம் சைசுல ஒரு கறுப்பு பிளாஸ்டிக் உருண்டையும் இருந்துச்சு. அத எடுத்து மேசையில வச்சு உருட்டிப் பாத்தாரு.

"என்ன சார் இது?"

"சோனாருங்க."

"அப்படின்னா?"

"காதுங்க. தண்ணியில போட்டா அடியில இருக்கிறதக் கேட்டுச் சொல்லும்."

என் தொப்பையையும் நரைச்ச மீசையையும் ஒரு தரம் பாத்தாரு. "விளையாடவா கொண்டு போறீங்க?"

"எழுமலைக்கு அங்கிட்டு ஒரு கண்மாய்ல சாமிப்பெட்டி விழுந்துருச்சு சார். தேடக் கூப்பிட்டிருக்காங்க."

அவரு மொகம் மாறிப்போச்சு. உருண்டைய ரெண்டு கையாலயும் எடுத்து எங்கிட்டக் குடுத்தாரு. "போயிட்டு வாங்கண்ணே"ன்னாரு. சாரா இருந்தவன் ஒரே நிமிசத்துல அண்ணனாயிட்டேன். ஊருக்கு வந்துட்டோம்கிறது எனக்கு அங்கதான் ஒறச்சுது.

நான் மஸ்கட் பக்கம் ஒரு துறைமுகத்துல மீன்பிடி போட்டுக்கு சோனார் மாட்டிக் குடுக்கிற ஆளு. கேக்கப் பெருசா இருக்கும். கடலுக்குள்ள நான் போன தூரம் எனக்கு வாந்தி வர்ற வரைக்கும்தான். நீச்சலும் தெரியாது. ஆனா எழுமலையில வாத்தியாரா இருக்கிற எம்பொண்டாட்டி தம்பி செந்தில், "எங்க மச்சான் கடலுக்கு அடியில ஊசி கிடந்தாலும் சொல்லிருவாரு"ன்னு ஒரு ஊரையே நம்ப வச்சிட்டான். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நடந்தது இதுதான். அந்த ஊருக்கு ஒரு அம்மன். செலை கிடையாது, பெட்டிதான் சாமி. பித்தளைப் பட்டை போட்ட மரப்பெட்டி. உள்ள ஆத்தாவோட நகை, துணிமணி. தை மாசம் பெட்டிய கண்மாய்க்குக் கொண்டு போயி தண்ணியில முக்கி எடுக்கணும். மாசி சிவராத்திரிக்கு ஊர்வலம். பெட்டி தூக்குற உரிமை அங்க ஒச்சுன்னு ஒரு அண்ணன் குடும்பத்துக்கு. இந்த வருசம் முக்கப்போன எடத்துல பெட்டி தண்ணிக்குள்ள போயிருச்சு. ஆளெறக்கித் தேடியும் கிடைக்கல. விழவேயில்ல, ஒச்சு எங்கயோ ஒளிச்சு வச்சுட்டான்னு ஊருல பாதிப்பேரு பேச ஆரம்பிச்சிட்டாங்க. சிவராத்திரிக்குள்ள பெட்டி வரலைன்னா அவரு திருடன்தான்னு முடிவு. உரிமையும் போயிரும், கோயில்ல நிக்கிற எடமும் போயிரும். அதுக்கப்புறம் கண்மாய் வத்தி பெட்டி கிடைச்சாலும், போன மானம் போனதுதான்.

பொழுது விடிஞ்சதும் மாட்டுத்தாவணிக்குப் போயி நின்னேன். பூ மார்க்கெட்டுல இருந்து மல்லிகை வாசம் வந்துச்சு. ஒரு டீயும் உளுந்தவடையும் சாப்பிட்டுட்டு, "எழுமலை பஸ்சு எங்கண்ணே நிக்கும்?"னு ஒரு கண்டக்டர்கிட்டக் கேட்டேன். அவரு என்னைய பரிதாபமாப் பாத்தாரு.

"ஆரப்பாளையம் போகணும். எத்தன வருசமாச்சு ஊருப் பக்கம் வந்து?"

மதுரையில பொறந்த ஆளுன்னு சொல்லிக்க வாய் வரல. ஆரப்பாளையம் போயி, நின்ன பஸ்சுல ஏறி, ஜன்னல் சீட்டப் பாத்ததும் தூங்கிட்டேன். முழிச்சா வாடிப்பட்டி. எழுமலை ஒரு தெச, இது ஒரு தெச. பக்கத்துல இருந்த அம்மா, "எங்க போகணும்?"னு கேட்டாங்க. சொன்னேன். "அப்ப நல்லாத் தூங்குங்க, திண்டுக்கல்ல எறங்கி மறுபடி மொதல்ல இருந்து வரலாம்"னாங்க. பஸ்சே சிரிச்சுச்சு. எறங்கிட்டேன். மஸ்கட்ல ரோட்டு மேல பெரிய பெரிய போர்டா வச்சு வழி சொல்லுவான். இங்க பக்கத்து சீட்டு அம்மாதான் போர்டு.

செந்தில் பைக்க எடுத்துக்கிட்டு வாடிப்பட்டிக்கே வந்தான். "கடலுக்கடியில ஊசிய எடுக்கிற ஆளுக்கு பஸ்ஸ்டாண்டு தெரியலயா மச்சான்?"

"ஊசி பஸ்சுல போகாது மாப்ள."

சாயங்காலம் போலத்தான் ஊரு வந்து சேந்தோம். ஊரு பேரச் சொல்ல மாட்டேன், அவங்களுக்குப் பிடிக்காது.

மறுநாள் காலையில ஒச்சு அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அம்பது வயசு தாண்டுன ஆளு, நல்ல ஒசரம், தாடி மொளச்சிருந்துச்சு. "வாங்க தம்பி"ன்னாரு. அவரு சம்சாரம் பேச்சியக்கா தட்டு வச்சு சோறு போட்டு, கண்மாய் ஜிலேபி மீன் கொழம்ப ஊத்துனாங்க. ஒரு கிண்ணத்துல உப்ப தனியா எடுத்து எம்பக்கத்துல வச்சாங்க. எனக்கு வெளங்கல. ஒரு வாய் வச்சதும் வெளங்கிருச்சு. கொழம்புல உப்பே இல்ல.

"பெட்டி போன நாள்ல இருந்து அவரு உப்புச் சேக்கிறதில்ல தம்பி. ஒரு வீட்டுல ரெண்டு கொழம்பா வைக்க முடியும்? நீங்க போட்டுக்கங்க"ன்னாங்க.

நான் தின்னிப்பண்டாரம். மஸ்கட்ல கொழம்புல ஒரு கல்லு கொறைஞ்சாலும் மொகத்தத் தூக்கி வச்சிக்கிற ஆளு. அன்னைக்கு அந்த உப்புக் கிண்ணத்துல கை போகமாட்டேன்னுருச்சு. அப்படியே சாப்பிட்டு எந்திரிச்சேன். செந்தில் மட்டும் உப்புப் போட்டுக்கிட்டான். போட்டுட்டு என்னையப் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

ஒச்சு அண்ணனும் பேச்சியக்காவும் கூட வர, கண்மாய்க்குப் போனோம். ஐப்பசி, கார்த்திகையில நல்ல மழை, கரை முட்டத் தண்ணி. நடுவுல மடையோட ரெண்டு கல்லுத்தூணு தலைய நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கரையில ஊர்ப் பெரியாம்பள மாயாண்டி ஐயா உக்காந்திருந்தாரு. வெள்ளச் சட்டை, தோள்ல துண்டு, சட்டைப்பையில போனு. நாங்க பேசிக்கிட்டிருந்த நேரத்துக்குள்ளயே அது பல தரம் அடிச்சுருச்சு, ஒவ்வொரு தரமும் எடுத்துப் பேசுனாரு.

"தூணுக்குப் பக்கத்துல விழுந்துச்சாம்"னாரு ஐயா. "ஆனா நாங்க திரும்பிப் பாக்குறப்ப இந்த ஒச்சு தெக்குக் கரையில, கருவேலம் பக்கத்துல, நனஞ்சுக்கிட்டு நிக்கிறான். தெப்பம் ஒரு பக்கம் கெடக்கு. பெட்டியக் காணோம். தூணு எங்க இருக்கு, கருவேலம் எங்க இருக்கு? நீங்களே பாருங்க."

"திரும்பிப் பாக்குறப்பன்னா?"

அப்பத்தான் அந்த வழக்கத்தச் சொன்னாங்க. பெட்டி தண்ணியத் தொடுறத யாரும் பாக்கக்கூடாது. தூக்குற ஆளு மட்டும் தனியா தெப்பத்துல போகணும். கரையில இருக்கிற அம்புட்டுப் பேரும், மேளக்காரங்க உட்பட, தண்ணிக்கு முதுகக் காட்டி நிக்கணும். பெட்டிக்கு துணி போத்துன பெறகுதான் திரும்பணும்.

"அப்ப விழுந்ததப் பாத்தவுக?"

"யாரும் இல்ல"ன்னாங்க பேச்சியக்கா. "நானும் முதுகக் காட்டித்தான் நின்னேன். அவர நம்புறேன். ஆனா பாத்தியான்னு கேட்டா, பாக்கலையே தம்பி."

அவங்க அத ஒச்சு அண்ணன் முன்னாடியே சொன்னாங்க. அவரு தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னாரு.

உருண்டைய எடுத்தேன். இது எப்படி வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் சொல்ல வேண்டியதாயிருச்சு. கெணத்துக்குள்ள எட்டிப்பாத்து "ஓய்"னு கத்துனா திரும்ப "ஓய்"னு வருதுல்ல, அம்புட்டுதான். இந்த உருண்டை தண்ணிக்குள்ள கீழ பாத்து ஒரு சத்தம் விடும். நம்ம காதுக்குக் கேக்காது. சத்தம் தரையில முட்டி திரும்பி வரும். சீக்கிரம் வந்தா ஆழம் கம்மி, மெதுவா வந்தா ஆழம் கூட. பலமா வந்தா கல்லு, பித்தளை மாதிரி கெட்டியான பொருளு. அத என் போன்ல மஞ்சளாக் காட்டும். தேஞ்சு போயி வந்தா சேறு. அது மங்கலா, தடிப்பா இருக்கும்.

"டார்ச்லைட்டு மாதிரி சத்தம் போகப் போக விரியும். ஆனா கண்மாய் ஆழத்துக்கு ஒரு சொளகு அகலந்தான் தெரியும். அந்தச் சொளகுக்கு வெளிய யானையே படுத்திருந்தாலும் தெரியாது"ன்னேன்.

"இம்புட்டுதானா உங்க மிஷினு?"ன்னாரு மாயாண்டி ஐயா.

"இம்புட்டுதாங்கய்யா."

தெப்பம்னா பெரிய கட்டுமானம்னு நெனச்சிட்டேன். நாலு தெர்மாக்கோல் பலகைய சாக்குல போட்டுக் கட்டுனது. உருண்டைய செந்தில் தெப்பத்து மேலயே வச்சுட்டான். போன்ல ஒண்ணுமே வரல, வெறும் கறுப்பு. ஊரே என்னையப் பாக்குது. எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. அப்பறந்தான் பாத்தேன். தெர்மாக்கோல் பூராவும் காத்து. காத்தத் தாண்டி இந்தச் சத்தம் போகாது. உருண்டை நேராத் தண்ணியத் தொடணும். கயிறு கட்டித் தண்ணியில விட்டதும் படம் ஓட ஆரம்பிச்சுச்சு.

எட்டிப் பாத்த ஆளுக எல்லாருக்கும் ஒரே சந்தேகம். "எங்க போட்டோ?"

அது போட்டோ இல்ல. செல்லூர்ல தறியில சேலை நெய்யிறதப் பாத்திருக்கீங்கள்ல? இழை இழையா சேரும். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இழை. புது இழை வலது ஓரத்துல சேரும், பழசு இடப்பக்கம் தள்ளிப்போகும். வலது ஓரத்துல இருக்கிற அந்த ஒத்தை இழை மட்டுந்தான் இப்ப நடக்கிறது. மத்ததெல்லாம் நடந்து முடிஞ்சது. மஸ்கட்ல ஒரு கப்பல்காரரு இத மறந்துட்டு, எப்பவோ தாண்டிப்போன மீனுக்கு வலைய விடச்சொல்லி ஒரு மத்தியானம் பூரா கத்திக்கிட்டிருந்தாரு. போன்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு. தெரியாம வெரலு பட்டுட்டா, படம் பழைய எடத்துக்குப் போயி அங்கயே நின்னுக்கும். ஓரத்துல ஒரு பொத்தான அமுக்குனாத்தான் இப்பத்திக்குத் திரும்பும்.

புருவம் புருவமா வளைஞ்சு வந்துச்சு. "இது மீனு"ன்னேன். மீனு அந்தச் சொளகுக்குள்ள நொழையிறப்ப தூரமா இருக்கும், நேர் கீழ வர்றப்ப கிட்ட இருக்கும், வெளிய போறப்ப மறுபடி தூரமாயிரும். அதான் புருவம். கரையில இருந்தவங்க மீன எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. மாயாண்டி ஐயா ஒரு அதட்டுப் போட்டாரு, "மீனப் பிடிக்கவா வந்தீக?"

அன்னைக்குப் பூரா தூணச் சுத்திச் சுத்தி இழுத்தோம். சேறு, சேறு, சேறு. தூணோட கல்லு மட்டும் மஞ்சளா வந்துச்சு. பெட்டி இல்ல. சாயங்காலம் கரையேறுறப்ப யாரோ ஒருத்தன், "வீட்டுக்குள்ள தேடுனாக் கிடைக்கும்"னான். ஒச்சு அண்ணன் காதுல விழுந்துச்சு. நான் உப்பில்லாத சோத்தத் தின்னுட்டுப் படுத்துக்கிட்டேன்.

காலையில கருப்பட்டி போட்ட பருத்திப்பால ஊதிக் குடிச்சிக்கிட்டே அவர்கிட்டக் கேட்டேன். "அண்ணே, பெட்டிய முக்குறப்ப நீங்க எங்க பாப்பீங்க?"

"பாக்க மாட்டேன். எனக்கும் பாக்க உரிமையில்ல. கண்ண மூடிக்கிட்டுத்தான் முக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"மேளம் நிக்கிற வரைக்கும்."

"அதுக்குள்ளதான் விழுந்துச்சா?"

"ஆமா. எதுலயோ முட்டுன மாதிரி இருந்துச்சு. தெப்பம் கவுந்துருச்சு. பெட்டி கையில இல்ல. கண்ணு பூரா சேத்துத்தண்ணி, எங்க இருக்கேன்னே தெரியல. முங்கி முங்கித் தேடுனேன், கத்துனேன். மேளச்சத்தத்துல யாருக்குக் கேக்கும்? மூச்சு முட்டிக் கரையேறுனேன்."

எனக்கு மெல்ல ஒறச்சுச்சு. கண்ண மூடுனது தூணுகிட்ட. கண்ண மூடுன மனுசனுக்கு தான் இன்னும் அங்கயேதான் இருக்கோம்னு நெனப்பு. ஆனா தெர்மாக்கோல் தெப்பம், வாடைக்காத்து. அது சும்மா இருக்குமா?

"அன்னைக்கு மேளம் வழக்கம்போலத்தான் அடிச்சாங்களா?"

அவருக்குத் தெரியல. மேளக்காரரு வாடிப்பட்டி. செந்திலு பைக்க எடுத்தான், நானும் ஏறிக்கிட்டேன். தப்பா எறங்குன ஊருக்கு இப்பத் தெரிஞ்சே போறேன். மேளக்காரரு பேரு முருகன். வீட்டு வாசல்ல மேளத்துக்கு வாரு இழுத்துக் கட்டிக்கிட்டிருந்தாரு.

"நாங்களும் முதுகக் காட்டித்தான நிப்போம்ணே. நிறுத்துன்னு பெரியாம்பள சொல்லணும், அப்பத்தான் நிறுத்துவோம். அன்னைக்கு ரொம்ப நேரம் அடிச்சோம். கையே வலிச்சுப் போச்சு. ஐயா போன்ல பேசிக்கிட்டிருந்தாரு."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே. அடிச்சது தப்புன்னா சொல்ல முடியும்?"

மேளத்தோட அவரையும் கூட்டிட்டு வந்தோம். மத்தியானம் ஊரு கரையில கூடிருச்சு. அன்னைக்கு நடந்தத அப்படியே செஞ்சு பாக்கணும்னு மாயாண்டி ஐயாகிட்டச் சொன்னேன். பெட்டி இல்லாததால முதுகக் காட்ட வேண்டாம், பாக்கலாம்னு அவரும் ஒத்துக்கிட்டாரு.

"எம்புட்டு நேரம் அடிக்கணும்?"னு கேட்டாரு.

"அன்னைக்கி அடிச்ச மாதிரிங்கய்யா"ன்னாரு முருகன். "நீங்க போன் பேசி முடிச்ச வரைக்கும்."

எல்லாரும் ஐயாவப் பாத்தாங்க. ஐயா ஏதோ சொல்ல வாயத் தொறந்தப்ப, சட்டைப்பையில போனு அடிச்சுச்சு. எடுத்து, பாக்காமயே அமத்திட்டாரு.

ஒச்சு அண்ணன் தெப்பத்துல தூணுக்குப் போனாரு. உருண்டை தெப்பத்துல கட்டி தண்ணியில மெதந்துச்சு. மண்டி போட்டு உக்காந்து கண்ண மூடுனாரு. மேளம் எந்திரிச்சுச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தோம். தெப்பம் அசையவேயில்லைன்னுதான் மொதல்ல தோணுச்சு. கொஞ்ச நேரத்துல தூணுக்கும் அவருக்கும் நடுவுல தண்ணி தெரிஞ்சுச்சு. பெறகு நெறையாத் தெரிஞ்சுச்சு. மேளம் அடிக்க அடிக்க அவரு கண்ண மூடிக்கிட்டே தெக்க போயிக்கிட்டிருந்தாரு. கரையில ஒரு கிழவரு, "அட ஆத்தா"ன்னாரு.

நான் போனப் பிடிச்சிக்கிட்டு கரையோட கூடவே நடந்தேன். சேறு, புருவம், சேறு. திடீர்னு தரையில இருந்து நெட்டுக்குத்தலா ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. தண்ணிக்குள்ள முங்குன கருவேல மரத்தோட மொட்டை. அதத் தாண்டுனதும், அதுக்குக் கால்மாட்டுல, மங்கலான சேத்துக்குள்ள சின்னதா ஒரு மஞ்சக் கட்டி. அதுக்கு நேர் கீழ, அதே மாதிரி மங்கலா இன்னொண்ணு. கெட்டியான பொருளுன்னா சத்தம் ஒருதரம் முட்டி மேல வந்து, தண்ணி மட்டத்துல முட்டி மறுபடி கீழ போயிட்டு வரும். அதனால ரெண்டாவது நெழலு விழும். சேத்துக்கு விழாது. மீனுக்கு விழாது.

"நிறுத்துங்க!"ன்னு கத்துனேன். என் கொரலு எனக்கே புதுசா இருந்துச்சு.

கல்லக் கட்டி எறக்கி தெப்பத்த அங்கயே நிறுத்துனோம். போன மாயாண்டி ஐயாகிட்டக் காட்டுனேன். தெப்பம் நின்னுட்டதால ஒரே கட்டி இழை இழையா வந்து நீளமா ஒரு மஞ்சக் கோடாயிருந்துச்சு.

"இம்புட்டு நீளமா? பெட்டி ஒன்ற மொழந்தான்ப்பா."

"நீளமில்லங்கய்யா. நாம அங்கயே நிக்கிறோம். அதுவும் அங்கயே இருக்கு. நிக்கிற நேரந்தான் அம்புட்டு நீளம்."



பெட்டியத் தொட ஒச்சு அண்ணனுக்கு மட்டுந்தான் உரிமை. அதனால அவரே முங்கணும்னாரு. ரெண்டாள் ஆழத்துக்கு மேல, சேறு, கருவேலம் முள்ளு. தீயணைப்புக்காரங்களக் கூப்பிடலாம்னு செந்தில் சொன்னான். "நாந்தான் விட்டேன். நாந்தான் எடுக்கணும்"னாரு. பெட்டி மேல வரப்போகுதுன்னா வழக்கம் வந்துருச்சு. மாயாண்டி ஐயா துண்ட இடுப்புல கட்டுனாரு. ஊரே தண்ணிக்கு முதுகக் காட்டுச்சு.

நானும் திரும்பிக்கிட்டேன். தள்ளி நின்னா உருண்டையோட சிக்னலு போனுக்கு எட்டாதுங்கிறதால தண்ணி ஓரத்துல நான், எனக்கு முன்னாடி ஊரோட முதுகு. கையில மட்டும் படம் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஐயா கழுத்தத் திருப்பாமயே, "அதையும் அமத்துப்பா. அதுல பாக்குறதும் பாக்குறதுதான்"னாரு.

அமத்தப் போனேன். பேச்சியக்கா எம்பக்கத்துல வந்து நின்னுட்டாங்க.

"தம்பி, இது பாக்குதா கேக்குதா?"

"கேக்குதுக்கா. சத்தம் விட்டு, சத்தத்தக் கேக்குது. வெளிச்சமே கிடையாது."

"பாக்கக்கூடாதுன்னுதான வழக்கம்? கேக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா? அன்னைக்கு அவரு கத்துனதத்தான் யாருமே கேக்கலையே." ஐயா முதுகப் பாத்துத்தான் சொன்னாங்க.

அந்த முதுகு கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "வச்சுக்க"ன்னாரு.

பின்னாடி தொபுக்குன்னு சத்தம். படத்துல வலது ஓரத்துல, மேல இருந்து ஒரு கோடு கீழ எறங்க ஆரம்பிச்சுச்சு.

"இதுதான் அவரா?"

"ஆமாக்கா."

கோடு எறங்குச்சு. மீன் புருவம் மாதிரி இல்ல, ஆணி அடிச்ச மாதிரி சாய்வா எறங்குச்சு. தரைக்குப் போயி மஞ்சக் கோட்டத் தொட்டுச்சு. பிறகு மேல வந்துச்சு. பின்னாடி மூச்சிரைக்கிற சத்தம். மறுபடி தொபுக்கு. மறுபடி எறங்குச்சு. பேச்சியக்கா மூச்ச விடல, நானும் விடல. கோடு அடியில போயி மஞ்சளோட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

"இங்கயா தம்பி இருக்காரு?"ன்னு அக்கா வெரலால தொட்டுக் காட்டுனாங்க.

கோடு அங்கயே நின்னுச்சு. நான் காத்திருந்தேன். எனக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சிருச்சு, அவருக்கு எப்படி இருக்கும்? கோடு அசையல. முள்ளுல மாட்டிக்கிட்டாரோ? திரும்பிப் பாத்துரலாமான்னு கழுத்து இழுக்குது. ஊரு முதுகுக எல்லாம் அசையாம நிக்குது. "மேல வரலையே தம்பி"ன்னாங்க அக்கா. நான் வேலை பாக்குற தொழிலு இதுதான். ஊருக்கே பாடம் எடுத்த ஆளு நான். ஆனாலும் செத்துப்போன படத்த வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னேன். அவங்க வெரலு பட்டு அது பழைய எடத்துலயே நின்னுருச்சுன்னு என் மண்டைக்கு எட்டவேயில்ல.

எட்டுனதும் ஓரத்துப் பொத்தான அமுக்குனேன். படம் குதிச்சு இப்பத்திக்கு வந்துச்சு. தரையில மஞ்சக் கோடு பாதியில அறுந்திருந்துச்சு. அறுந்த எடத்துல இருந்து தடியா ஒரு கோடு மேல ஏறி, தண்ணி மட்டத்துல முடிஞ்சிருந்துச்சு.

பின்னாடி தண்ணி சலசலக்க ஆளு நடந்து வர்ற சத்தம் கேட்டுச்சு.

"வந்துட்டாரு"ன்னேன். பேச்சியக்கா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

"துணியப் போத்துயா. நாங்க திரும்பணும்"னாரு மாயாண்டி ஐயா.

"போத்த மாட்டேன்." ஒச்சு அண்ணன் கொரலு, எனக்கு ரொம்பப் பக்கத்துல. மூச்சிரைக்கப் பேசுனாரு. "நீங்க யாரும் பாக்காததுனாலதான் நான் திருடனானேன். இப்பத் திரும்புங்க. பெட்டிய இருக்கிறபடி பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

யாரும் அசையல. வழக்கம் ஒரு பக்கம், அந்த மனுசன் ஒரு பக்கம். பேச்சியக்காதான் மொதல்ல திரும்புனாங்க. அடுத்து முருகன். பெறகு ஒவ்வொருத்தரா. கடைசியா மாயாண்டி ஐயா, இடுப்புத் துண்டப் பிடிச்சிக்கிட்டே.

நான் திரும்பல. அது எனக்குக் காட்டுன பெட்டி இல்ல. ஆனா ஊரு தண்ணிப் பக்கம் திரும்புனதும் அம்புட்டு மொகமும் எனக்கு நேரா வந்துருச்சு. எல்லாம் என்னையத் தாண்டி எனக்குப் பின்னாடி பாத்துச்சு. மொதல்ல கண்ணு விரிஞ்சுச்சு. பெறகு கண்ணு கீழ எறங்குச்சு. "வீட்டுக்குள்ள தேடுனாக் கிடைக்கும்"னவன் கன்னத்துல போட்டுக்கிட்டான். மாயாண்டி ஐயா கையெடுத்துக் கும்பிட்டாரு. பெட்டியவா, ஒச்சு அண்ணனையான்னு தெரியல. அந்தப் பெட்டி எப்படி இருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் அந்த மொகங்கள்ல முட்டித் திரும்பி வந்ததுதான்.

பெட்டிய கோயில்ல எறக்கி வச்சுட்டு வீட்டுக்கு வந்தாரு. கையெல்லாம் முள்ளு கீறியிருந்துச்சு. பேச்சியக்கா ஜிலேபி மீன் கொழம்பு வச்சிருந்தாங்க. நான், செந்திலு, முருகன் எல்லாம் வரிசையா உக்காந்தோம். ஒரு வாய் வச்சேன். நாக்கு எரிஞ்சுபோச்சு. அம்புட்டு உப்பு. அவங்க கையி அளவ மறந்துருச்சு. செந்திலு என்னையப் பாத்தான், நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

பேச்சியக்கா கரண்டியோட அவரு முன்னாடி நின்னாங்க. "உப்புப் பாத்துச் சொல்லுங்க."

ஒச்சு அண்ணன் ஒரு வாய் வச்சு, மென்னு, மெதுவா முழுங்குனாரு.

"கூட இருக்கு"ன்னாரு. "இருக்கட்டும். இன்னுங் கொஞ்சம் ஊத்து."